சொட்டு நீலம்

கம்பைல் ஆகவில்லை.
கறுப்புத் திரையில் நாலு நட்சத்திரம் போட்டு
லீக் என்று எழுதிவிட்டு
பாதியில் எழுந்து போய்விட்டது நிரல்.

நான் பள்ளியில் படித்தபோது வந்த துப்பாக்கி விளையாட்டு.
அதன் உலகத்துக்கு ஒரே நிபந்தனை:
நாலு பக்கமும், மேலும் கீழும்
மூடியிருக்க வேண்டும்.
ஊசி நுழைய இடம் விட்டாலும்
வெளியே இருக்கும் ஒன்றுமில்லாதது
உள்ளே வந்துவிடும்.
வந்தால் நிழல் கிடையாது,
எங்கிருந்து எது தெரியும் என்ற கணக்கு கிடையாது,
எல்லாச் சுவரும் ஒரே வெளிச்சத்தில்
கல்யாண மண்டபம் மாதிரி பல்லிளிக்கும்.

நான் கட்டுவது கணேசபுரம் சுரங்கப்பாதை.
ஐப்பசியில் அங்கே நிற்கும் தண்ணீரை மட்டும்
எடுத்துவிட்டேன்.
மற்றதெல்லாம் உண்டு: பாசிச் சுவர்,
பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி,
மேலே ரயில் போகும் அதிர்வு
(என் போனில், ஹாரன் இல்லாத விடியற்காலையில் பதிந்தது),
வளைவில் காத்திருக்கும் ஒரு பூதம்.

படிக்கட்டில்தான் ஓட்டை என்று எனக்குத் தெரியும்.
ஏழு முறை அடைத்தேன் படிக்கட்டை.
ஏழு முறை லீக்.

அஸ்கர் போனில் சொன்னான்:
"மொத்தத்தையும் ஒரு பெரிய பெட்டிக்குள்ள
போட்டு மூடிடுடா, வேலை முடிஞ்சுது."
மூடினேன். ஓடியது.
ஓடிக்கொண்டே இருந்தது.
யாரும் பார்க்கப் போகாத சுவர்களின் முதுகையெல்லாம்
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தது.
பதினோரு மணிக்கு ஆரம்பித்து
பால் பாக்கெட் வரும்போது முப்பத்தேழு சதவீதம்.
அப்போது கரண்ட் போனது.
யுபிஎஸ் மூன்று தடவை கத்திவிட்டு அடங்கியது.

கதவைத் தட்டியது கீழ் வீட்டு கிரேஸ் மேடம்.
"தம்பி, மறுபடியும் சொட்டுது. இப்ப டிவி மேல."

பாத்ரூமுக்கு ஏற்கெனவே இரண்டு முறை
வெள்ளை சிமென்ட் பூசியாகிவிட்டது.
பாத்ரூம்தான் என்று எனக்குத் தெரியும்.

ஏழுமலை சுத்தியலை எடுக்கவே இல்லை.
சொட்டு நீலம் இருக்கா என்று கேட்டார்.
"உடைக்கிறது ஈஸி சார்.
எங்க உடைக்கிறதுன்றதுக்குதான் கூலி."
அரை பாட்டிலைப் பாத்ரூம் துவாரத்தில் ஊற்றிவிட்டு
கீழே போய் கிரேஸ் மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து
கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
டீ வந்தது. பிளம் கேக் வந்தது.
நீலம் வரவில்லை.

மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினார்.
நாற்பது நிமிஷம்.
பிறகு, ஹாலின் அந்தக் கோடியில், டிவிக்கு மேலே
பள்ளிக்கூடப் பேனா கசிந்த மாதிரி
ஒரு பொட்டு.

"அங்கிருந்து இங்கயா?"
"நேரா இறங்காது சார். பீம் மேலயே நடந்து வந்திருக்கு."

இரவு எடிட்டரைத் திறந்தேன்.
பெட்டியை அழித்தேன்.
ஒவ்வொரு லீக்குக்கும் நிரல் ஒரு சிவப்புக் கோடு வரைந்து வைக்கும்,
உள்ளே நிற்கும் யாரோ ஒருவரிடமிருந்து வெளியே வரை.
நாலு நாளாய் இருந்தது அந்தக் கோடு.
படிக்கட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும்
மேலே பார்க்காமல் விட்டிருந்தேன்.

இப்போது பின்னாலேயே போனேன்.
பூதத்தின் காலடியில் கிளம்பி,
வளைவைச் சுற்றி,
கண்ணீர் அஞ்சலியை உரசி,
படிக்கட்டைத் தொடாமல் தாண்டி,
தரையோரம் குனிந்து
அழகுக்காக நான் செதுக்கிய
வடிகால் கம்பிகளுக்குள் நுழைந்து
வெளியே போயிருந்தது.
அடியில் ஒரே ஒரு யூனிட் இடைவெளி.

ஊரில் எந்த மழைக்கும் திறக்காத வடிகால்
என் மேப்பில் மட்டும் வேலை செய்திருக்கிறது.

மாநகராட்சி மாதிரி அடைத்தேன்.

நாலு நிமிஷம்.
தூண்களுக்குப் பின்னால் முதல் தடவையாக
இருட்டு விழுந்தது.
சத்தம் போடாமல் கொஞ்ச நேரம்
அதற்குள் நடந்தேன், துப்பாக்கியை எடுக்காமல்.

கிரேஸ் மேடம் கூரைக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிக்க வேண்டும்,
பெயிண்ட் என் செலவு.
அப்புறம், வளைவில் இருக்கும் பூதம்
நகர மாட்டேன் என்கிறது:
உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்,
தரைக்குள் முழங்கால் வரை புதைந்து
ஐப்பசியில் இருபத்தொன்பது சி-க்காகக்
காத்திருப்பவர் மாதிரி நிற்கிறது.